பொம்பளைக்கு இடது கை

எனக்கு முன்னாடி இன்னும் ஏழு பேரு. செவ்வாக்கிழமைன்னா இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துல மாசமா இருக்கவங்களுக்கு மட்டுந்தான் சீட்டு, அதனால பெஞ்சு பூரா வயிறுதான், அளவு அளவா வயிறு, அதுக்கு நடுவுல நான், சண்முகக்கனி, வயசு இருவத்தெட்டு, ஏழு மாசம் முடியப் போகுது, ரெண்டாவது கர்ப்பம். அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு. அட்டையில போட்டிருக்கது அம்புட்டும் நெசமா என்ன. ஜெபசெல்வி சிஸ்டரு ஆளுக்கு எட்டு நிமிசம் எடுப்பாக, ஏழெட்டு அம்பத்தாறு, அம்பத்தாறு நிமிசம் கழிச்சு நான் அந்த ஸ்டூல்ல உக்காந்து கைய நீட்டணும். எந்தக் கைய? அதான் கேள்வி, காலையில பல் வெளக்கும்போதும் அதான் கேள்வி, பஸ்ஸுல வரும்போதும் அதான். இடது கைய நீட்டுனா பிரஷர் நூத்துச் சொச்சம்னு காட்டும், நார்மல்னு எழுதிருவாக, வீட்டுக்குப் போயிரலாம், வெள்ளிக்கிழம வளைகாப்பு. வலது கைய நீட்டுனா நெசம் வந்துரும். நெசம் எம்புட்டுன்னு எனக்கே தெரியாது, நூத்தித் தொண்ணூறா, இருநூறா, மூணு நாளா மண்ட இடிக்குற இடியப் பாத்தா இருநூறத் தாண்டியிருந்தாலும் இருக்கும். அது வந்துட்டா பெறகு நேரா நூத்தியெட்டு வண்டிதான், பெரியாஸ்பத்திரிதான், கத்திதான். இடது கையத்தான் நீட்டணும். வெள்ளிக்கிழம கழியட்டும், சனிக்கிழம நானே போயிச் சொல்லிருதேன். போன மாசமும் இப்படித்தான் சொன்ன, அடுத்த மாசம் சொல்லிருதேன்னு. ஆமா, சொன்னேன். இப்ப என்ன அதுக்கு?

இத நானா ஆரம்பிக்கல, அத யாருகிட்ட சொன்னா நம்புவாக. மூணாம் மாசம் மொத மொதல்ல இங்க வந்தப்போ நான் வலது கையத்தான் நீட்டுனேன், சத்தியமா, எங்க அம்மா மேல சத்தியமா. அந்த ஸ்டூலு கெடக்குற இடம் அப்படி, உக்காந்தா இடது கைதான் மேச மேல வந்து விழும், வலது கைய நீட்டணும்னா ஒடம்பத் திருப்பிக்கிட்டு உக்காரணும், நான் திருப்பிக்கிட்டுத்தான் உக்காந்தேன். சிஸ்டரு சிரிச்சாக. "ஏம்மா இப்படி முறுக்கிக்கிட்டு உக்காருத? பொம்பளைக்கு இடது கைதான், தெரியாதா? ஆம்பளைக்குத்தான் வலது. நாடி பாக்குறவங்கள்ல இருந்து எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க" அப்படின்னு சொல்லி என் இடது கைய இழுத்து வச்சுப் பட்டையச் சுத்திட்டாக. நல்ல சிஸ்டருதான், ஒரு வார்த்த கடிஞ்சு பேச மாட்டாக, மாத்திரை கையில தரும்போது தண்ணியும் சேத்துத் தருவாக. அந்த மிஷினு புஸ் புஸ்னு காத்தடிச்சு, நின்னு, தொண்ணூத்தெட்டுக்கு அறுவதுன்னு காட்டுச்சு. "பிரஷர் கொறச்சலா இருக்கே, கீரை முட்டையெல்லாம் நல்லாத் தின்னு" அப்படின்னாக. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்னையப் பாத்து ஒருத்தர் பிரஷர் கொறச்சல்னு சொல்லுதாக! வாயத் தொறந்தேன், சொல்லத்தான் தொறந்தேன், அதுக்குள்ள அவுக எழுதிட்டாக, நீல மையில, அழகா. வெளிய வந்ததும் பரீச்சையில பாஸான மாதிரி இருந்துச்சு. படிக்காம பாஸான மாதிரி. அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில ரெண்டு வடை வாங்கித் தின்னேன்.

ஆறு பேரு. மண்ட பின்பக்கம் இடிக்குது, ஒரலுல குத்துற மாதிரி, கண்ணோரத்துல வெள்ளப் பூச்சியா பறக்குது, பெஞ்சு மேல இருக்க ஃபேனப் பாத்தா பூச்சி அதிகமாகுது, தரையப் பாத்தா கொறையுது, அதனால தரையப் பாத்துக்கிட்டு இருக்கேன். தரையில யாரோ வெத்தலயத் துப்பி வச்சிருக்காக, மூதி, ஆஸ்பத்திரியிலயா துப்புவா. எங்க அத்த வெளிய ஆம்புலன்ஸ் நிக்குற கொட்டகைக்குள்ள உக்காந்திருக்காக, புருசனப் பெத்தவுக, சொர்ணம்னு பேரு, சொர்ணந்தான் அவுகளும், கையில சாப்பாட்டுத் தூக்கும் மாத்திரைப் பையுமா. காலையில என் மொகத்தப் பாத்துட்டு, "ஏன்ட்டி மொகம் இப்படி ஊதிக் கெடக்கு?"ன்னு கேட்டாக. "முழுகாம இருந்தா ஊதத்தான அத்த செய்யும்"னேன். "ஆமா, ஒன் புருசன் செந்தூரு வயித்துல இருக்கையில எனக்கும் காலு பானையாத்தான் ஊதிச்சு" அப்படின்னு அவுக கதையச் சொல்ல ஆரம்பிச்சுட்டாக. பொய் சொல்லுதவளுக்கு இதான் வசதி, கேக்குறவுக பாதிய அவுகளே சொல்லி முடிச்சிருவாக. மூத்திர டெஸ்ட்ட நெனச்சுத்தான் போன வாரம் பயந்து கெடந்தேன், அதுல உப்பு கிப்புன்னு வந்துட்டா மாட்டிக்குவோம்னு. பாத்தா, முக்கி எடுக்குற அந்தக் காயிதம் ரெண்டு வாரமா வரலியாம். சாமி என் பக்கம்னு நெனச்சேன். சாமிக்கு வேற வேலையே இல்ல பாரு, காயிதத்த ஒளிச்சு வைக்கதுக்கு.

கையி எப்பச் செத்துச்சுன்னு யோசிச்சுப் பாக்கேன். செத்துச்சுன்னு சொல்லக் கூடாது, டாக்டரு வைவாக. கல்யாணத்துக்கு முந்தி கோவில்பட்டியில ஜவுளிக்கடையில நின்னேன், சேலை செக்ஷன், இடது தோளுல சேலையப் போட்டு முந்திய இடது கையில விரிச்சு நீட்டிக்கிட்டு நிக்கணும், வந்தவுக பாத்து, தொட்டு, மொகத்தச் சுளிச்சு, வேற எடுன்னு சொல்லுத வரைக்கும். மொத மொத கையி கடுத்துச்சு, பெறகு ஓஞ்சுச்சு, பெறகு ஒரு நா பாதியில சேலையோட தொப்புன்னு விழுந்துருச்சு, பட்டுச் சேலை, சூப்பர்வைசர் அண்ணாச்சி எல்லார் முன்னாடியும் கத்துனாரு, திங்கிற சோறு எங்க போகுதுன்னு. தல பின்ன கையத் தூக்குனா பாதிச் சடையில நின்னுரும். அம்மா என்னைய ஒரு வைத்தியர்ட்ட கூட்டிட்டுப் போனா, நாடி பாக்குறவரு, சந்தைக் கடையில உக்காந்திருப்பாரு. பொம்பளைன்னு இடது கையப் பிடிச்சாரு. மூணு வெரல வச்சாரு. எடுத்தாரு. திரும்ப வச்சாரு, கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ. அந்தாளு மொகம் போன போக்கு இருக்கே, எனக்குச் சாகுற வரைக்கும் மறக்காது, என்னையப் பாக்காரு, கையப் பாக்காரு, நான் மூச்சு விடுதனான்னு பாக்காரு. கைய மெல்ல அம்மா மடியில வச்சுட்டு, "தாயி, நாடி ஓடலியே"ன்னாரு. அம்மா, "என் பிள்ள உயிரோடல்லா உக்காந்திருக்கா, கண்ணு அவிஞ்சா போச்சு"ன்னு சந்தையே திரும்பிப் பாக்க வஞ்சா. நான் சிரிச்சேன். அப்ப இருவத்திரெண்டு வயசு, எல்லாத்துக்கும் சிரிப்பேன்.

பெரியாஸ்பத்திரியில டாக்டரம்மா என் கழுத்துல கொழாய வச்சுக் கேட்டுட்டு, படிக்குற பிள்ளைகளக் கூப்புட்டாக. பதினோரு பேரு வரிசையா வந்து என் கழுத்துல வச்சுக் கேட்டாக, ரத்தம் போற கொழாயி சுருங்கிப் போச்சாம், அதுக்குள்ள ரத்தம் நெருக்கிக்கிட்டுப் போகும்போது ஊதுற சத்தம் கேக்குமாம். ஒரு பையன் மட்டும் கேட்டுட்டு, "தேங்க்ஸ்க்கா"ன்னான். என்னத்துக்கு தேங்க்ஸ், பாட்டா பாடுனேன். நோய்க்கு ஜப்பான்காரன் பேரு, டக்காயாசு, லச்சத்துல ஒருத்தருக்கு வருமாம், பெரும்பாலும் பொம்பளைக்கு, அதுவும் வயசுப் பொம்பளைக்கு. லாட்டரி ஒண்ணும் எனக்கு விழுந்ததில்ல, இது விழுந்துருக்கு. டாக்டரம்மா வெளக்கமாச் சொன்னாக, இடது கைக்குப் போற கொழாயி அடைச்சுக்கிட்டு இருக்கு, நூலு மாதிரிதான் ரத்தம் போகுது, அந்தக் கையில பிரஷர் பாத்தா எப்பவும் கொறச்சலாத்தான் காட்டும், உள்ள எம்புட்டு இருந்தாலும் காட்டாது, ஒன் இடது கைய நம்பவே நம்பாத, யாரு பாத்தாலும் வலது கையில பாருங்கன்னு சொல்லு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லு. சொல்லுதேன் மேடம்னேன். சொன்னேன், வருசக் கணக்கா சொன்னேன், பல் பிடுங்கப் போன இடத்துலகூடச் சொன்னேன். கல்யாணம் பேசும்போதும் மறைக்கல. அவுக, என் புருசன் செந்தூர்பாண்டி, லோடு வண்டி ஓட்டுதவுக, "எனக்கு ரெண்டு கையும் இருக்குல்லா, சட்டி பானைய நான் தூக்கித் தாரேன்"னு சொல்லித்தான் கட்டுனாக. அப்படிப்பட்ட மனுசன்கிட்டத்தான் நாலு மாசமா பொய் சொல்லுதேன்.

அஞ்சு பேரு. இல்ல, நாலு, அந்தப் பச்சச் சேல எப்ப உள்ள போச்சு. மொதப் பிள்ளைக்கு நான் எல்லாம் ஒழுங்காச் செஞ்சேன், அதான் என் வயித்தெரிச்சல். எங்க அம்மா வீட்டுல இருந்து பெரியாஸ்பத்திரிக்கே நேராப் போயி வலது கைய நீட்டுனேன், மாத்திர தந்தாக, முழுங்குனேன், உப்பக் கொறன்னாக, கஞ்சியில உப்பே போடல. ஆறரை மாசத்துல ஒரு நா போனப்போ நூத்தி எம்பத்தாறு. உக்காருன்னாக, படுன்னாக, ஊசி போட்டாக, மறுநா இருநூறு. "பிள்ளைய எடுத்தாத்தாம்மா நீ பொழைப்ப, ஒனக்கு மூளையில ரத்தம் கசிஞ்சிரும்"னாக. வெளிய என் புருசன் கையெழுத்துப் போட்டாக. எடுத்தாக. அறுநூத்தி எம்பது கிராம், ஆம்பளப் பிள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள என் உள்ளங்கை அளவு காலு, அந்தக் காலுல ஒரு சீட்டு, சண்முகக்கனி ஆண் குழந்தைன்னு, அவனுக்கு அதான் பேரு, வேற பேரு வைக்க நாளில்ல. நாலு நா இருந்தான். நாலாம் நா மத்தியானம் நர்சு வந்து, "அம்மா ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கோங்க"ன்னா. தொட்டேன். சூடாத்தான் இருந்தான். பெறகு எத்தன பேரு வந்து என்னத்தச் சொன்னாலும் என் மண்டையில ஒண்ணுதான் நின்னுச்சு: அன்னைக்கு நான் கைய நீட்டாம இருந்திருந்தா எடுத்திருக்க மாட்டாக. அவன் பாட்டுக்கு உள்ள கெடந்திருப்பான். இன்னும் ரெண்டு மாசம், ரெண்டே மாசம், ஒரு கிலோவாவது ஆயிருப்பான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில சேராதும்பாக, நான் அந்தப் பூனைதான். டாக்டரம்மா மட்டும் டிஸ்சார்ஜ் அன்னைக்கு என் கட்டிலுல வந்து உக்காந்து, "கனி, இன்னொரு பிள்ள பெத்துக்கலாம், முடியும். உண்டானது தெரிஞ்ச அன்னைக்கே என்கிட்ட வா, மாத்திர மாத்தித் தாரேன், நான் பாத்துக்கிடுதேன்"னாக. போனேனா? போகல. பயம். அவுகளப் பாத்தாலே எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் ஞாபகம் வருது. பழைய ஃபைல எடுத்து அரிசி டிரம்முக்குள்ள போட்டுட்டு, புருசன் ஊருல இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில புதுசாப் பதிஞ்சேன். மொதப் பிரசவம்? கொறமாசம். காரணம்? தெரியல சிஸ்டர். தெரியலன்னு சொல்லி வாய மூடல, இடது கையில தொண்ணூத்தெட்டு.

என் புருசனுக்கு என்ன சொன்னேன், "பிரஷர் நார்மலா இருக்குங்க, நோயி அமந்துருச்சு போல"ன்னு அட்டையக் காட்டுனேன். அந்த மனுசன் அட்டையக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டாக. செந்தில்நாதன் கைவிடலட்டின்னு சொல்லி மறுநா முடி எறக்கிட்டு வந்து நிக்காக, மொட்டத் தலையோட, சந்தனத்தோட. அப்பவாவது சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்ல? சொல்லச் சொல்ல பொய்யி நெசமா ஆயிருதுல்லா, எனக்கே சில நா நோயி அமந்துட்ட மாதிரித்தான் இருக்கு, அட்டையில நாலு தடவ எழுதியிருக்கு, நீல மையில, அரசாங்க அட்டையில, அது பொய்யா இருக்குமா. மண்ட இடிச்சா வெயிலு. கண்ணுல பூச்சி பறந்தா பித்தம். காலு வீங்குனா முழுகாம இருக்கதுனால. எல்லாத்துக்கும் ஒரு பதிலு வச்சிருக்கேன், வக்கீலு தோத்துருவான்.

"யக்கா, ஒங்களுக்கு ஒதைக்குதா?" பக்கத்துல இருக்க பிள்ள கேக்குது, பொன்செல்வின்னு பேரு, மொதக் கர்ப்பம், எனக்கு அடுத்த சீட்டு, இருவது வயசு இருக்கும், வாயி ஓயாது. "எனக்கு ராத்திரி பூரா ஒரே ஒததான்க்கா, அவுக கைய வச்சுப் பாத்துட்டு, பந்து வெளாடுதான் போலன்னு சொல்லுதாக. இந்தா, இப்பப் பாருங்க, இந்தா" அப்படின்னு என் கைய எடுத்து அது வயித்துல வச்சுக்கிடுச்சு. ஒதைச்சுச்சு. நல்லா ஒதைச்சுச்சு, உள்ளங்கையில முட்டுச்சு. நான் கைய எடுத்துட்டேன். "ஒங்களுக்குக்கா?" "ஒதைக்கும் ஒதைக்கும்"னேன். எப்ப ஒதைச்சுச்சு? இன்னைக்குக் காலையில. இல்ல, காலையில பஸ்ஸப் பிடிக்குற அவசரம், கவனிக்கல. நேத்து ராத்திரி? நேத்து ராத்திரி மண்டவலியில சீக்கிரம் படுத்துட்டேன். நேத்து மத்தியானம் ரசஞ்சோறு தின்னுட்டு ஒருச்சாய்ச்சுப் படுத்தப்போ லேசா உருண்டுச்சு, எடது பக்கம், முட்டி மாதிரி. அது நேத்தா, முந்தாநேத்தா. முந்தாநேத்து ரசம் வைக்கல, புளிக்கொழம்பு. அப்ப நேத்துத்தான். நேத்தே வச்சுக்கிடுவோம். நேத்து மத்தியானத்துல இருந்து இன்னைக்குப் பதினோரு மணி வரைக்கும். தூங்கும். பிள்ளைக உள்ள தூங்கும்னு சொல்லுவாக, தூங்கித் தூங்கித்தான் வளரும்னு அத்தகூடச் சொன்னாக. ரெண்டு வெரல வச்சுப் பைய அமுக்கிப் பாத்தேன். ஏ, எந்திரி. கல்லு மாதிரி கெடக்கு வயிறு. எந்திரிட்டி, பொம்பளப் பிள்ளையா இருந்தா எந்திரி, ஆம்பளப் பிள்ளையா இருந்தாலும் எந்திரி. "என்னக்கா முணுமுணுங்கீங்க?" "ஒண்ணுமில்லம்மா." "முட்டாயி வேணுமாக்கா? இனிப்புத் தின்னா நல்லா ஆடும்." வாங்கி வாயில போட்டேன், ஆரஞ்சு முட்டாயி, கடிச்சு முழுங்குனேன், சப்பக்கூட இல்ல. காத்துக்கிட்டு இருக்கேன். பொன்செல்வி வளைகாப்புக்கு எத்தன சோறு கிண்டணும்னு பேசிக்கிட்டே இருக்கு, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காச் சோறு, நான் தலைய ஆட்டிக்கிட்டே உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டு இருக்கேன். நூறு எண்ணுததுக்குள்ள அசையும். நூறு ஆயிருச்சு. வெரசா எண்ணிட்டேன் போல. திரும்ப எண்ணுவோம்.

போனு அடிக்குது. அவுகதான். "ஏ கனி, பிரஷர் பாத்தாச்சா?" "இன்னும் ரெண்டு பேரு இருக்காக." "நார்மலாத்தான இருக்கும்?" "ஆமா." "நான் சாத்தூர்ல நிக்கேன், இங்க வளையல் நல்லாருக்கு, பச்ச எடுக்கவா செவப்பு எடுக்கவா?" "ரெண்டும் எடுங்க." "ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்கு?" சொல்லிரு. இப்பச் சொல்லிரு, போனுல மொகம் தெரியாது, வண்டிய விட்டுட்டு ஓடி வருவாக, வையட்டும், அடிக்கட்டும், அடிக்க மாட்டாக, அதான் கஷ்டம். "முட்டாயி வாயில கெடக்கு"ன்னேன். சிரிச்சாக. "சரி சரி, தின்னு" அப்படின்னு வச்சுட்டாக. இப்பச் சொன்னா என்ன ஆகும், இருவத்தொம்போது வாரம், மொதப் பிள்ளைய விட ரெண்டு வாரம் கூட, ஒரு கிலோ இருக்குமா, ஒரு கிலோ இருந்தா பொழைக்கும்னு அன்னைக்கு அந்தக் கண்ணாடி ரூம்புல ஒருத்தி சொன்னா, அவ பிள்ள பொழைச்சு வீட்டுக்குப் போச்சு. அப்ப இன்னைக்குச் சொல்லலாம். வெள்ளிக்கிழம என்ன வெள்ளிக்கிழம, வளையல எப்ப வேணும்னாலும் போட்டுக்கிடலாம். ஆனா அசையலியே. மொதல்ல அசையட்டும், ஒரே ஒரு தடவ, அசைஞ்சதும் சொல்லிருதேன், இங்கயே எந்திரிச்சு நின்னு கத்திச் சொல்லிருதேன். என்னட்டி இது, பிள்ளைகிட்டயே பேரம் பேசுத. பாவி. நாந்தான் பாவி. சிஸ்டரு மேலயும் டாக்டரு மேலயும் பழியப் போட்டுக்கிட்டு நாலு மாசமா ஒளிஞ்சுக்கிட்டு இருக்கது நாந்தான். பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டிருமாம், நான் கைய மாத்தி நீட்டிட்டா ரத்தம் மாறிருமாக்கும்.

"சண்முகக்கனி!" இம்புட்டு சீக்கிரமா, இன்னும் ஒரு ஆளு இருந்துச்சே. எந்திரிச்சேன், கண்ணுக்குள்ள பூச்சி பூராவும் ஒண்ணாப் பறந்துச்சு, செவுத்தப் பிடிச்சுக்கிட்டேன். எடை பாத்தாக, ஒரு மாசத்துல ஆறு கிலோ ஏறியிருக்கு, "நல்லாத் திங்கியே"ன்னு சிரிச்சாக. ஸ்டூல்ல உக்காந்தேன். சொல்லப் போறேன், இந்தா சொல்லப் போறேன், நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டிக்கிடுச்சு, ஆரஞ்சு ருசி. எடது கையி தானாவே மேச மேல போயி மல்லாந்துருச்சு. நான் வைக்கல, அதுவாப் போயிருச்சு, நாலு மாசப் பழக்கம். பட்டையச் சுத்துனாக. புஸ் புஸ். நூத்தி நாலு, எழுவது. "தங்கம்மா நீ, எனக்கு வேலையே வைக்க மாட்ட"ன்னு சொல்லிக்கிட்டே எழுதிட்டாக. அந்த வார்த்தையக் கேட்டதும் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அந்த எளவு நிம்மதி, அதுக்குத்தான் அஞ்சு மாசமும் இந்த ஸ்டூலுக்கு வந்துருக்கேன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

"படும்மா, பிள்ள சத்தத்தக் கேட்டுட்டுப் போயிரலாம்." படுத்தேன். வயித்துல குளுகுளுன்னு பசையத் தடவி, கையில பிடிக்குற அந்தச் சின்ன மிஷின வச்சாக. நம்பர் காட்டுற கண்ணாடி ஒடஞ்சு ரொம்ப நாளாச்சு, சத்தம் மட்டுந்தான் வரும். கரகரன்னுச்சு. எடது பக்கம் வச்சாக, கரகர. தொப்புளுக்குக் கீழ. கரகர. நான் மேல் கூரையப் பாத்துக்கிட்டு இருக்கேன். சிஸ்டரு மொகத்தப் பாக்கல, பாக்கப் பயம். வலது பக்கம் நல்லா அழுத்தி வச்சாக. வந்துருச்சு. தும். தும். தும். "இந்தா! எங்கடா ஒளிஞ்சுக்கிட்டன்னு பாத்தேன். நல்லாருக்கு, கேக்குதா கனி? வெள்ளிக்கிழம வளைகாப்புன்னியே, தாராளமா வச்சுக்கோ" அப்படின்னு அவுக சிரிக்குதாக, எனக்கும் சிரிப்பு வந்துருச்சு, கண்ணுல தண்ணி வந்துருச்சு, நீ இருக்கியா, இருக்கியா நீ, மூதி, பெத்தவள இப்படியா பயங்காட்டுவ. போன மாசம் கேட்டது தையல் மிஷினு ஓடுற ஓட்டம். அவ்வளவு வெரசா ஓடுச்சு, சிஸ்டருகூட, பறக்குதான் பாருன்னாக. இது நிதானமா அடிக்குது. தும். தும். தூங்கும்போது நிதானமா அடிக்கும் போல. தும். என் மண்டையில ஒரு இடி. தும். ஒரு இடி. நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். மிஷினு அடிக்குற அப்ப எல்லாம் மண்ட இடிக்குது, மண்ட இடிக்குற அப்ப எல்லாம் மிஷினு அடிக்குது, ஒண்ணு முந்தல, ஒண்ணு பிந்தல. பயத்துல என் நெஞ்சு வேகமாச்சு. மிஷினும் வேகமாச்சு.

சிஸ்டரு வயித்தத் தொடைக்கத் துணிய எடுத்தாக. "எந்திரிம்மா, அடுத்த ஆளு நிக்கா பாரு." பொன்செல்வி வாசல்ல நிக்குது, என்னையப் பாத்துச் சிரிக்குது. நான் எந்திரிக்கல. படுத்தமேனிக்கே சிஸ்டரப் பாத்து வலது கைய நீட்டுனேன்.

"இதுல பாருங்க சிஸ்டர்."

"ஏம்மா, அதான் பாத்தாச்சே, நார்மல்."

"இதுல பாருங்க. அது என் சத்தம் சிஸ்டர். பிள்ள சத்தம் இல்ல."